வீட்டிலிருந்து வேலை: டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்க கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? கடைக்குள் நுழைந்ததும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?” என்பதுதான். புதிதாக வாங்குபவர்களில் பலர் விலையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லி விடுகிறார்கள். ஒரே விலைக்கு டெஸ்க்டாப் கூடுதல் வேகம் தரும். லேப்டாப்பை எங்கும் எடுத்துச் செல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் வீட்டில் அமர்ந்து மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு இந்தத் தகவல் போதாது.

அவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கரண்ட் போனால் வேலை தொடருமா? வீட்டுக்குள் வரும் காற்றை இந்தக் கருவி தாங்குமா? பழுதானால் எத்தனை நாளில், யார் சரி செய்து தருவார்கள்? இந்த மூன்றுக்கும் உங்கள் ஊரை வைத்துப் பதில் எழுதிப் பார்த்தால், எதை வாங்குவது என்பது தானாகவே தெரிந்து விடும்.

நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் என்ஜினீயராக இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழை. திருச்செந்தூரில் இருந்து குலசேகரன்பட்டினம், மணப்பாடு வழியாக உவரி செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள மீனவர் கிராமம் இது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள். உப்பும் மணலும் சேர்ந்து அடிக்கும் இந்த ஊரில் ஒரு கம்ப்யூட்டர் ஐந்து வருடம் ஓடினால், மற்ற ஊர்களில் தாராளமாக ஓடும். எனவே பெரியதாழையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2020-ல் நடந்த பெரிய பரிசோதனை

டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டையும் வீட்டு வேலைக்கு வைத்துப் பார்த்த மிகப் பெரிய பரிசோதனை நம் நாட்டில் 2020-ம் ஆண்டில் நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 13-ம் தேதி, கால் சென்டர் போன்ற நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது.

லேப்டாப் வைத்திருந்தவர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆனால் ஐ.டி. அலுவலகங்களில் பலர் வேலை பார்த்தது டெஸ்க்டாப்பில். அந்தக் கம்ப்யூட்டர்களை வேன்களிலும் கார்களிலும் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்ப வேண்டி வந்தது. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள நிறுவனங்கள் வரிச் சலுகையில் வாங்கிய கருவிகளை, அனுமதி இல்லாமல் வெளியே எடுத்துச் செல்ல முடியாது. அந்த அனுமதியைப் பெற்ற பிறகே பல டெஸ்க்டாப்கள் வீடு வந்து சேர்ந்தன.

வீட்டில் இறக்கி வைத்த பிறகுதான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. அலுவலகத்தில் கட்டிடம் முழுவதற்கும் ஜெனரேட்டர் இருக்கும். இன்டர்நெட் கேபிள் மேஜை வரை வரும். வீட்டில் இரண்டும் இல்லை. பல டெஸ்க்டாப்களில் வைஃபை வசதி கிடையாது, வெப் கேமரா கிடையாது, மைக் கிடையாது. லேப்டாப்பில் இவை அனைத்தும் உள்ளேயே இருக்கின்றன. பேட்டரியும் இருக்கிறது. உலக அளவில் 2008-ம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில்தான் லேப்டாப் விற்பனை முதல் முறையாக டெஸ்க்டாப்பைத் தாண்டியது. எடுத்துச் செல்லலாம் என்பதே அப்போது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். 2020-ல் வீட்டில் வேலை செய்தவர்களுக்கு அதைவிடப் பெரிய காரணமாக அமைந்தது பேட்டரி.

முதல் கேள்வி: கரண்ட் போனால்?

இதற்குச் சிறிய கணக்கு ஒன்று தேவை. எல்.இ.டி. மானிட்டருடன் கூடிய சாதாரண டெஸ்க்டாப், டைப்பிங், பிரவுசிங், வீடியோ மீட்டிங் போன்ற வேலைகளுக்கு ஏறக்குறைய 100 வாட் மின்சாரம் இழுக்கும் என வைத்துக் கொள்வோம். லேப்டாப்புக்கு 30 வாட் என்று தாராளமாகவே வைக்கலாம்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் வேலை. டெஸ்க்டாப்புக்கு மாதம் 20 யூனிட். லேப்டாப்புக்கு 6 யூனிட். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுப்பதால் 40 யூனிட்டும் 12 யூனிட்டும் ஆகிறது. வித்தியாசம் 28 யூனிட். உங்கள் வீட்டு ரீடிங் ஒரு கட்டணப் படியின் விளிம்பில் நிற்கிறது என்றால், இந்த 28 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளி விடலாம். பழைய மின் கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது யு.பி.எஸ். டெஸ்க்டாப் வாங்கும்போது கடைக்காரர் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றைச் சேர்த்துத் தருவார். இதற்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. காகிதத்தில் பார்த்தால் 100 வாட் டெஸ்க்டாப் 50 நிமிடம் ஓட வேண்டும். நடைமுறையில் 15 முதல் 20 நிமிடம் கிடைத்தாலே நல்லது. ஈய பேட்டரியிலிருந்து வேகமாக மின்சாரத்தை உறிஞ்சினால் அது தன் முழுக் கொள்ளளவையும் தராது. மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றும்போதும் இழப்பு உண்டு. யு.பி.எஸ். என்பது, செய்த வேலையை சேமித்துவிட்டு ஒழுங்காக ஷட் டவுன் செய்வதற்காகத் தரப்படும் அவகாசம். அதை வைத்து முழு ஷிப்ட் ஓட்ட முடியாது.

லேப்டாப் பேட்டரி சுமார் 40 முதல் 60 வாட்-மணி வரை இருக்கும். இது யு.பி.எஸ். பேட்டரியை விடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் 12 முதல் 15 வாட்டில் சமாளித்துக் கொள்ளும். எனவே 50 வாட்-மணி பேட்டரி ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு மணி நேரம் தாங்கும். வீடியோ மீட்டிங் அதிகம் இருந்தால் இது குறையும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்தக் கணக்கு மாறி விடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட்-மணி. பாதிக்குச் சற்று மேலே, 1,000 வாட்-மணி கிடைக்கிறது என்று வைத்தாலும், டெஸ்க்டாப், ஒரு ஃபேன், ஒரு விளக்கு மூன்றும் சேர்ந்து 200 வாட்டில் 5 மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். அது ‘சைன் வேவ்’ வகையாக இருக்க வேண்டும். அதில் ‘யு.பி.எஸ். மோடு’ என்ற ஸ்விட்ச் இருக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் போடப்படாவிட்டால், கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். லேப்டாப்புக்கு இந்தக் கவலை இல்லை.

கம்ப்யூட்டர் ஓடினாலும் மோடம் அணைந்தால் இன்டர்நெட் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். பல ஃபைபர் மோடம்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே கையடக்க மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. கேபிள் வரும் வழியிலேயே மின்சாரம் இல்லை என்றால் அதுவும் உதவாது. அப்போது கை கொடுப்பது மொபைல் ஹாட்ஸ்பாட் மட்டுமே. ஃபைபர் ஒரு நிறுவனம் என்றால், மொபைல் சிம் வேறு நிறுவனமாக இருப்பது நல்லது.

இரண்டாவது கேள்வி: காற்று

எங்கள் ஊரில் அடுப்பங்கரை உப்பு ஜாடி சில நாட்களில் ஈரம் கோத்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றில் உள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். ஏறக்குறைய 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும்.

இதேதான் கம்ப்யூட்டருக்குள்ளும் நடக்கிறது. ஃபேன் உள்ளே இழுக்கும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் உள்ளன. அவை மதர்போர்டில் படிகின்றன. இரவில் ஈரப்பதம் ஏறும்போது அந்த உப்பு கரைந்து மெல்லிய படலமாகிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பையும் ஈயப் பற்றையும் அரிக்கும். காலையில் ஸ்விட்ச் போட்டால் டிஸ்ப்ளே வராது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதோடு தேரியின் நைஸான செம்மணலும் சேர்ந்து, ஃபேன் இறக்கைகளில் சிவப்பாக அப்பிக் கொள்ளும்.

இந்த விஷயத்தில் டெஸ்க்டாப்புக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கேபினட்டைத் திறந்து விடலாம். மாதம் ஒரு முறை புளோயரால் ஊதலாம். டிஸ்ப்ளே வரவில்லை என்றால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பொருத்தலாம். பல நேரங்களில் சிஸ்டம் உயிர் பெற்று விடும். லேப்டாப்பை இவ்வளவு எளிதாகத் திறக்க முடியாது. வாரண்டி காலத்தில் நாமே திறப்பதும் சரியல்ல.

லேப்டாப்புக்கும் ஒரு நன்மை இருக்கிறது. வேலை முடிந்ததும், சூடு ஆறிய பிறகு, அதை மூடி பீரோவில் வைத்து விடலாம். பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போட்டு வையுங்கள். டெஸ்க்டாப்போ இருந்த இடத்திலேயே இருந்து இரவு முழுவதும் கடற்காற்றை வாங்கிக் கொண்டிருக்கும். ஃபேன் இல்லாத லேப்டாப்களும் உண்டு. 2020 நவம்பரில் வெளியான எம்1 மேக்புக் ஏர் இதற்கு ஓர் உதாரணம். ஃபேன் இல்லை என்றால் காற்றை உள்ளே இழுக்கும் வேலையும் இல்லை.

எதை வாங்கினாலும் கடலைப் பார்த்த ஜன்னல் அருகே வைக்காதீர்கள். தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே எழும் சூடு ஈரத்தை உலர்த்தும். மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடக்கும் கம்ப்யூட்டரை உப்பு சீக்கிரம் தின்று விடும்.

வீட்டு எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக் கொள்ளுங்கள். காய்ந்த மணலில் மின்சாரம் எளிதில் பாயாது. கடலை ஒட்டிய ஈர மணலில் எர்த் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கேபினட்டைத் தொட்டால் கை சுர்ரென்று இழுத்தால், அதைச் சரி செய்த பிறகே கம்ப்யூட்டரை இயக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: பழுது

டெஸ்க்டாப்பில் எந்தப் பாகம் போனதோ அதை மட்டும் மாற்றலாம். பவர் சப்ளை, ராம், கீபோர்டு, மானிட்டர் எல்லாம் தனித்தனி. ஓரளவு பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கும்; பக்கத்து வீட்டுப் பழைய சிஸ்டத்தில் இருந்து கடன் வாங்கிக்கூட ஓட்டலாம். லேப்டாப்பில் கீபோர்டில் டீ கொட்டினால் மதர்போர்டு வரை போகும். பல புதிய லேப்டாப்களில் ராம் மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டு வருகிறது. பிறகு கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. இதை வாங்கும்போதே கேட்க வேண்டும். 2025-ன் பிற்பகுதியில் இருந்து மெமரி சிப் விலை உலகம் முழுவதும் கடுமையாக ஏறியிருக்கிறது. “இப்போது 8 ஜி.பி. போதும், அப்புறம் கூட்டிக் கொள்ளலாம்” என்று நினைப்பவர்கள், கூட்டுவதற்கு ஸ்லாட் இருக்கிறதா என்று உறுதி செய்து கொள்ளுங்கள்.

வாரண்டி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘ஆன் சைட்’ வாரண்டியா, நாம் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்ல வேண்டுமா? உங்கள் பின்கோடு அதில் அடங்குமா? கடற்கரை கிராமம் என்றால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். துருவும் அரிப்பும் வாரண்டியில் அடங்குமா என்பதையும் அட்டையில் படித்துப் பாருங்கள். லேப்டாப் ரிப்பேருக்குப் போய் பத்து நாள் வராவிட்டால், அந்தப் பத்து நாள் சம்பளமும் கம்ப்யூட்டரின் விலையில் சேர்ந்தது என்றே கணக்கு.

2023 டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையை விட காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அதிகம். திருச்செந்தூரில் இருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை.

அப்படிப்பட்ட நாளில் எந்தக் கம்ப்யூட்டரை வைத்தும் வேலை பார்க்க முடியாது. உயிர் பிழைப்பதே பெரிது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வித்தியாசம் தெரிந்தது. தரையில் வைத்திருந்த கேபினட்கள் சேற்று நீரில் மூழ்கி வீணாகின. எனக்குத் தெரிந்த ஒருவர் லேப்டாப்பை இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். பஸ் ஓடத் தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள அத்தை வீட்டுக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களைச் செய்யலாம். கேபினட்டை எப்போதும் மேஜை மேல் வையுங்கள். முக்கியமான ஃபைல்களை வாரம் ஒரு முறை யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கில் பேக்-அப் எடுத்து, சர்டிபிகேட், ரேஷன் கார்டு இருக்கும் அதே பையில் வையுங்கள். நனைந்த கம்ப்யூட்டரை எக்காரணம் கொண்டும் உடனே ஸ்விட்ச் ஆன் செய்யக் கூடாது. சுத்தம் செய்து முழுவதும் உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஒரு குடும்பம் போட்ட கணக்கு

எங்கள் தெருவில் ஒரு தங்கை பி.எஸ்சி. முடித்து மெடிக்கல் கோடிங் படித்தாள். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, இன்ஷூரன்ஸ் பணம் கோருவதற்கான குறியீடுகளாக மாற்றும் வேலை இது. சென்னை நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே செய்யலாம் என்று வேலை கொடுத்தது. கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். ஷிப்ட் நேரத்தில் தொடர்பு அடிக்கடி அறுந்தால் வருகைப் பதிவில் கழிப்பார்கள். அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுக்கத் தயாராக இருந்தார்.

“அண்ணே, டெஸ்க்டாப்புன்னா பத்தாயிரம் ரூவா கம்மியா முடியுதுன்னு கடையில சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?” என்று கேட்டாள்.

“தம்பி, ஒரு தடவதான் வாங்க முடியும். பாத்துச் சொல்லுங்க” என்றார் அம்மா.

“அக்கா, ஒரு மாசம் கரண்ட் எப்பப் போவுது, எப்ப வருதுன்னு ஒரு நோட்டுல எழுதி வையுங்க. அப்புறம் சொல்றேன்” என்றேன்.

எழுதி வைத்தார்கள். ஐந்து, பத்து நிமிடத் தடைகள் பல. காற்று அதிகமான ஒரு நாளில் இரண்டு மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு வந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை.

நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். கடையில் சொன்ன டெஸ்க்டாப் விலையில் கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மட்டுமே இருந்தன. யு.பி.எஸ்., வெப் கேமரா, மைக் வைத்த ஹெட்செட், வைஃபை அடாப்டர் நான்கையும் சேர்த்தபோது பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் பெரும் பகுதி கரைந்து விட்டது. அப்படியும் யு.பி.எஸ். தருவது கால் மணி நேரம். சின்னத் தடைகளை அது சமாளிக்கும். மற்ற இரண்டு நாட்களையும் சமாளிக்காது. இன்வெர்ட்டர் சேர்த்தால் பட்ஜெட் எங்கோ போய்விடும்.

எனவே லேப்டாப் வாங்கினார்கள். 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கூடுதலாக ஒரு ராம் ஸ்லாட். அதோடு தனி கீபோர்டு, மவுஸ். நான்கு கனமான புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை அதன் மேல் வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வருமாறு செய்து கொடுத்தேன். லேப்டாப்பைக் குனிந்து பார்த்தபடி எட்டு மணி நேரம் வேலை செய்தால் கழுத்து ஒரு மாதத்தில் பழுதாகி விடும். ஆறு மாதம் கழித்து, சம்பளத்தில் இருந்து 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி லேப்டாப்போடு இணைத்துக் கொண்டாள். குழுக் கடனும் இப்போது முடியப் போகிறது. இந்த வேலை நிலைக்கவில்லை என்றால், சென்னையில் ஹாஸ்டல் செலவு செய்ய வசதி இல்லாததால் அவள் வீட்டோடு இருக்க வேண்டியிருந்திருக்கும்.

எல்லாருக்கும் இதே பதில் பொருந்தாது. கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் நண்பர் ஒருவர் டெஸ்க்டாப்தான் வைத்திருக்கிறார். அவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. வேலைக்கென்று தனி அறை இருக்கிறது. ஜன்னல் தெருப் பக்கம். அவருக்குப் பெரிய மானிட்டரும், தேவைக்கேற்ப ராம், கிராபிக்ஸ் கார்டு கூட்டும் வசதியும் வேண்டும். கரண்ட் போனால் பத்து நிமிடம் காத்திருந்தாலும் அவர் வேலை கெடாது. அவருக்கு அதே பணத்தில் லேப்டாப் வாங்கியிருந்தால் வேகம் போதாமல் திண்டாடியிருப்பார்.

இடையில் ஒரு வழி: மினி பி.சி.

டிபன் பாக்ஸ் அளவில் வரும் மினி பி.சி.யையும் விசாரித்துப் பாருங்கள். மானிட்டர், கீபோர்டு தனியாக வேண்டும். லேப்டாப் போல அடாப்டரில் ஓடுவதால் சாதாரண வேலைகளுக்கு மிகக் குறைந்த மின்சாரமே இழுக்கும். எனவே அதே 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் டெஸ்க்டாப்பை விட அதிக நேரம் தாங்கும். பலவற்றில் வைஃபை உள்ளேயே இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றிப் பையில் போட்டுக் கொள்ளலாம்.

வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறதா?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அதில் கிடைத்த லேப்டாப் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆரம்ப ஆண்டு லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் நிறுவினால் பிள்ளைகள் படிக்கவும் தட்டச்சு பழகவும் உதவும். நிறுவன வேலைக்கு அது சரிப்படுமா என்றால் சந்தேகமே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக் கொண்டது. பல நிறுவனங்கள் விண்டோஸ் 11 கேட்கின்றன. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசர் அல்லது அதற்குப் பிறகு வந்தது வேண்டும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்களும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேட்டரி வீங்கியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்

1. முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள். லேப்டாப் அவர்களே தருவார்கள் என்றால், உங்களுக்குத் தேவை நல்ல நாற்காலி, மானிட்டர், கீபோர்டு மட்டுமே.

2. வேலை உறுதியான பிறகு கம்ப்யூட்டர் வாங்குங்கள். “டெபாசிட் கட்டுங்கள், டேட்டா என்ட்ரி வேலை தருகிறோம்”, “எங்களிடம் லேப்டாப் வாங்கினால் வேலை” என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

3. ஒரு மாதம் மின்தடை நோட்டு எழுதுங்கள். முடியாவிட்டால் ஒரு வாரமாவது எழுதுங்கள்.

4. இரண்டு பட்டியல் போடுங்கள். டெஸ்க்டாப் பட்டியலில் யு.பி.எஸ்., வெப் கேமரா, ஹெட்செட், வைஃபை அடாப்டர் சேருங்கள். லேப்டாப் பட்டியலில் தனி கீபோர்டு, மவுஸ், ஸ்டாண்ட் சேருங்கள். மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

5. ராம் குறைந்தது 8 ஜி.பி., முடிந்தால் 16 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. கேளுங்கள்.

6. லேப்டாப்பை எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள், 80 சதவீதத்தில் சார்ஜ் நிறுத்தும் வசதி அதில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்தால் மட்டும் முதல் நாள் இரவு 100 சதவீதம் ஏற்றிக் கொள்ளுங்கள்.

7. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டிக்கு அதுவே ஆதாரம்.

சுருக்கமாகச் சொன்னால், இன்வெர்ட்டர் இல்லாத வீடு, நேரக் கணக்குள்ள வேலை என்றால் லேப்டாப் வாங்கி, தனி கீபோர்டும் மானிட்டரும் வைத்து டெஸ்க்டாப் போலப் பயன்படுத்துங்கள். இன்வெர்ட்டர், தனி அறை, கனமான கிராபிக்ஸ் வேலை என்றால் டெஸ்க்டாப். கடலில் இறங்கும் முன் எங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நீங்களும் கடைக்காரரின் விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் உங்கள் வீட்டு மின் பெட்டியையும் ஜன்னலையும் ஒரு முறை பார்த்து விடுங்கள்.